கும்பகோணத்துப் பித்தளைப் படி செட்: பழைய சமையல் நோட்டு வைத்திருப்பவர்களுக்கு

வீட்டில் பாட்டி காலத்துச் சமையல் நோட்டு இருந்து, அதில் ஆழாக்கு, பலம் என்று அளவு எழுதியிருந்தால் இந்த செட்டை யோசிக்காமல் வாங்கலாம். கூடத்தில் அழகுக்கு வைக்க மட்டும் என்றால் வேண்டாம். அதே காசுக்கு நல்ல விளக்கே கிடைக்கும்.

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு என நாலு உருப்படி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. பித்தளையை எடை போட்டு விலை சொன்னார்கள். 2,200 ரூபாய் சொச்சம் ஆனது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே அவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தது: “பட்டணம் படியாம்மா, சின்னப் படியா?” பட்டணம் படி என்பது சென்னைப் பக்கத்துப் பெரிய படி.

எனக்கு வேண்டியது மனோகரம். தேன்குழலை ஒடித்து வெல்லப்பாகில் புரட்டிச் செய்வது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பருப்புத் தேங்காய்க் கூட்டில் (கூம்பு வடிவ அச்சு) அடைப்பதற்காகப் பாட்டி செய்வாள், மீந்தது சம்புடத்துக்குப் போகும். கடைகளில் வாங்கியது எதுவும் அப்படி இல்லை. ஒன்று பாகு போதாமல் உதிரும், இல்லாவிட்டால் பல் உடைகிற கட்டியாக இருக்கும். பாட்டியுடையதில் பாகு மெல்லிசாகத்தான் ஒட்டியிருக்கும். கடித்ததும் தேன்குழலின் மொறுமொறுப்பு, அதற்கப்புறம் வெல்லம், கடைசியில் சுக்கின் லேசான காரம்.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: “பச்சரிசி 4 ஆழாக்கு, உளுந்து 1 ஆழாக்கு, வெல்லம் 16 பலம், ஏலக்காய் அரை ரூபாய் எடை, சுக்கு கொஞ்சம். பாகு உருட்டுப் பதம்.”

இந்தக் குறிப்பில் அரிசியும் உளுந்தும் முகத்தல் அளவு, வெல்லம் நிறுத்தல் அளவு. எல்லாமே ஆழாக்கில் இருந்திருந்தால் எந்தக் கிண்ணத்தை வைத்தும் செய்துவிடலாம், விகிதம் மாறாது. ஆனால் பலம் என்பது 35 கிராம்; 16 பலம் 560 கிராம், அதில் சந்தேகம் இல்லை. ஆழாக்குதான் ஊருக்கு ஊர் மாறியது. சின்ன ஆழாக்கு 168 மில்லி, பட்டணம் ஆழாக்கு 200 மில்லிக்குக் கொஞ்சம் மேல். பலர் ‘ஆழாக்கு என்றால் ஒரு கப்’ என்று 240 மில்லி கப்பால் அளக்கச் சொல்கிறார்கள். அப்படி அளந்தால் அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒரு கிலோ வந்துவிடும். சின்ன ஆழாக்கில் 700 கிராம்தான். 700 கிராமுக்கு 560 கிராம் வெல்லம் என்றால் அது மனோகரம். ஒரு கிலோவுக்கு அதே வெல்லம் என்றால் பாகு எல்லாத் துண்டிலும் ஏறாது, கூட்டில் அடைத்தால் நிற்கவும் நிற்காது. எத்தனையோ வீடுகளில் ‘அந்தக் கைமணம் போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். குறிப்பு பத்திரமாக இருக்கிறது, போனது அளக்கிற பாத்திரம்தான் என்பது என் திடமான எண்ணம்.

போனதற்குக் காரணமும் தெரிந்ததே. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 1967 தேர்தலில் அண்ணா ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றுதானே சொன்னார்? ஜனங்கள் மனசில் படிதான் இருந்தது. பாட்டியின் நோட்டும் அந்தக் காலத்தியது.

எங்கள் வீட்டில் புழங்கியது எந்தப் படி? அதற்கும் நோட்டிலேயே தடயம் இருந்தது. கடைசிப் பக்கத்து வீட்டுக் கணக்கில் “பச்சரிசி 1 படி 32 பலம்” என்று ஒரு வரி. அதாவது 1,120 கிராம். வாங்கி வந்த சின்னப் படியில் பச்சரிசியை நிரப்பி, தலை தட்டி, மின்தராசில் வைத்தேன்: 1,110 கிராம். அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோபுரமாக அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்ற சந்தேகத்தை ஸ்ரீரங்கத்து அத்தை போனில் தீர்த்துவைத்தாள். “தலை தட்டித்தான் அளப்பா. கோவிலுக்குக் குடுக்கற அரிசிதான் கோபுரமா.”

இனி குறைகள். ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தால் 165 கிராம் வருகிறது, அதாவது 3 மில்லி குறைவு. சமையலுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் எந்த உருப்படியிலும் அளவு பொறிக்கப்படவில்லை, இது சரியில்லை. அடுத்த தலைமுறை இதைக் கையில் எடுத்தால் எந்தப் படி என்று மறுபடியும் முழிக்க வேண்டும். நான் அடியில் ஆணியால் கீறி வைத்துவிட்டேன். விளிம்பு கூராக இருக்கிறது, தலை தட்டும்போது விரல் பத்திரம். உள்பக்கம் அடி மூலையில் மாவு தங்குகிறது. அதனால் மாவாக அளக்காமல் தானியமாகவே அளப்பது நல்லது. பழைய குறிப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஈயம் பூசாத பித்தளை என்பதால் மோர், புளித்தண்ணீர் எதையும் இதில் அளக்காதீர்கள். ஏலக்காயின் ‘அரை ரூபாய் எடை’க்கு இந்த செட் உதவாது. பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், ஆகவே சுமார் 6 கிராம் என்று தராசில் போட்டுக்கொள்ளுங்கள்.

மனோகரம் எப்படி வந்தது என்றால், பாகு எல்லாத் துண்டிலும் ஏறி, பாத்திரத்தில் மிச்சமில்லாமல் முடிந்தது. உருட்டுப் பதம் என்றால், பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தாம்பாளத்தில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் வர வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கினாலும் மறுநாள் பிசுபிசுக்கும். அத்தைக்கு ஒரு டப்பா அனுப்பினேன். சுக்கு இன்னும் ஒரு சிட்டிகை வேண்டும் என்றாள், அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். நான் போன கடையில் முகம் சுளிக்காமல் விட்டார்கள். சென்னைக் குடும்பத்து நோட்டு என்றால் பட்டணம் படியாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்குக் கிடைத்தது போன்ற தடயம் இல்லாவிட்டால், வெல்லமோ சர்க்கரையோ பலத்தில் எழுதியிருக்கும் ஒரு பண்டத்தைக் கால் அளவில், சின்ன ஆழாக்கு, பட்டணம் ஆழாக்கு என இரண்டு கணக்கிலும் செய்து, வீட்டில் மூத்தவர்களிடம் எது என்று சொல்லாமல் கொடுத்துக் கேளுங்கள்.