புதியது என்று விற்கப்பட்ட பழைய ஹார்ட் டிஸ்க்குகள்: 33,000 ரூபாய் பறிபோனது

வீட்டில் சேர்த்துவைத்த இசைத் தொகுப்புக்காக ஹார்ட் டிஸ்க் வாங்கப்போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படிக்கவேண்டும் என்பதற்காக, ஆத்திரம் அடங்காத நிலையிலேயே எழுதுகிறேன். சென்னையில் கணினி உதிரிப்பாகக் கடைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவில், மாடியில் இயங்கும் மொத்த விற்பனைக் கடை ஒன்று, எங்கோ ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த இரண்டு 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளைப் புதியவை என்று சொல்லி, தலா 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் தலையில் கட்டிவிட்டது. ஆக மொத்தம் 33,000 ரூபாய்.

இரண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. சிடிக்களிலிருந்து, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் எடுத்த பாடல்கள் ஒரு சிடிக்குச் சராசரியாக 300 மெகாபைட் பிடிக்கும். அவை போனாலும் சிடி இருக்கிறது, மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கேசட்டுகளின் கதை வேறு. கோயில் திருவிழா நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, வானொலிக் கச்சேரி என்று அப்பா பதிந்துவைத்த 90 நிமிட கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்ற 90 நிமிடமும் அது ஓடியாகவேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்தால், சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 3 கிகாபைட் ஆகும். ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க்குகளை ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும்படி இணைத்தால், தவறுதலாக அழிக்கும் கோப்பு இரண்டிலுமே அழிந்துவிடும். எனவே ஒன்றைப் பயன்பாட்டில் வைத்து, மற்றொன்றில் அவ்வப்போது நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவந்தேன்.

கடையில் நம்பிக்கை வந்த விதத்தை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் அவர்களுடைய சாமர்த்தியமே இருக்கிறது. மலிவு விலை சொல்லி அவர்கள் ஆசைகாட்டவில்லை. மற்ற கடைகளைவிடச் சில நூறு ரூபாய்தான் குறைவு. ஒட்டுப் பிரியாத வெள்ளி நிற உறையை என் கண்முன்னே கத்தரித்து, டிஸ்க்கைக் கடையின் கணினியில் மாட்டி, அதுவரை ஓடிய நேரத்தைக் காட்டும் ஸ்மார்ட் பதிவைத் திரையில் திறந்து, "நீங்களே பாருங்க சார், ஜீரோ ஹவர்ஸ்" என்றார் கல்லாவில் இருந்தவர். நான் கேட்காமலேயே செய்தார். மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றார். கேசட்டுகளைப் பற்றி விசாரித்து, தன் தாத்தாவிடமும் அப்படி ஒரு பெட்டி நிறைய இருந்ததாகச் சொன்னார். அந்தத் தாத்தா உண்மையிலேயே இருந்தாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சில மாதங்களிலேயே முதல் டிஸ்க் டக் டக் என்று ஒலியெழுப்பி, கணினிக்குத் தென்படாமலே போய்விட்டது. பீரோவிலிருந்த இரண்டாவதை எடுத்து, முழுவதையும் வேறொரு பழைய டிஸ்க்குக்கு நகலெடுக்கத் தொடங்கியபோது, பாதிக்கு மேல் அதுவும் படிக்க மறுத்தது. ஃபிளாக் கோப்புக்குள் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும் என்பதால், எவை சிதைந்தன என்று சோதித்துப் பார்க்க முடிந்தது. கேசட் பதிவுகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவற்றுள் சில நாடாக்கள் கணினியில் ஏற்றிய பிறகு அறுந்துவிட்டன, பூஞ்சையும் பிடித்துவிட்டது. அவற்றை இனி மீண்டும் ஓட்டிப் பதிய வழியில்லை.

அதன் பிறகுதான் உண்மை தெரிந்தது. ஸ்மார்ட் பதிவைப் பூஜ்ஜியமாக்கிவிட முடியும். ஆனால் நான் வாங்கிய வகை டிஸ்க்குகளில், ஓடிய நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்கும் ஃபார்ம் என்றொரு உள்பதிவும் உண்டு, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். நகலெடுக்கும்போது திணறிய டிஸ்க்கில் அந்தப் பதிவு காட்டியது 23,000 மணி நேரத்துக்கும் மேல், அதாவது இடைவிடாத இரண்டரை ஆண்டு ஓட்டம். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே மோசடி அம்பலமானபோது, ஹார்ட் டிஸ்க் இடத்தைக் கொண்டு சியா என்னும் மின்காசை ஈட்டிய கூடங்களிலிருந்து கழித்த டிஸ்க்குகள் புதியனவாக விற்கப்பட்டிருக்கலாம் என்று எழுதப்பட்டது. நம் ஊருக்கு வந்தவை எங்கே ஓடியவையோ!

கடைக்காரரின் பதில்கள் ஒவ்வொரு முறையும் மாறின. முதலில் "சர்வீஸ் பார்க்கிற பையன் லீவு, திங்கட்கிழமை கூப்பிடுங்க" என்றார். பிறகு என் வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறு என்றார். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, அது ஏதோ ஒரு கணினியின் பாகமாக விற்கப்பட்டது, தனி உத்தரவாதம் கிடையாது என்று வந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போய் நின்றபோது முதலாளி ஊரில் இல்லை. கடைசியில் அவர்கள் எடுத்த ஆயுதம்தான் என்னை வாயடைக்க வைத்தது: "பில்லுல சீரியல் நம்பர் இல்லையே சார், இது நாங்க குடுத்த டிஸ்க்குதான்னு என்ன ஆதாரம்?" 18 சதவீத ஜிஎஸ்டி வசூலித்த அந்த பில்லில், "8 டிபி ஹார்ட் டிஸ்க், எண்ணிக்கை 2, மொத்தம் 33,000" என்று மட்டுமே அச்சிட்டுக் கொடுத்தவர்களும் அவர்களேதான். தகவல் மீட்பு மையம் ஒன்றில் விசாரித்தால், ஒரு டிஸ்க்கைத் திறந்து பார்ப்பதற்கே அந்த 33,000 ரூபாயைத் தாண்டிய தொகையைக் கேட்கிறார்கள்.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. பில்லில் சீரியல் எண் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே கைபேசியில் நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் ஜீரோவை நம்பாமல், வீட்டுக்கு வந்ததும் ஃபார்ம் பதிவு இருந்தால் அதைப் படியுங்கள். மூலத்துக்கும் நகலுக்குமான டிஸ்க்குகளை ஒரே கடையில், ஒரே நாளில் வாங்காதீர்கள்; ஒரே இடத்தில் தேய்ந்தவை சேர்ந்தேதான் சாகும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டால் போதும். அதே கடையில் வாங்கி, பில்லையும் டிஸ்க்கையும் இன்னும் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.