ராலேவேயும் கட்டமரனும்: மெல்லிய எழுத்தோடு சில வருட அனுபவம்

மட்டக்களப்பில் அழைப்பிதழ், நினைவு மலர், பேனர் என்று எல்லாம் கலந்து வடிவமைக்கிறேன். ஆங்கிலப் பெயர்களுக்கு நான் முதலில் எடுப்பது ராலேவே எழுத்துருவைத்தான். 2010இல் மாட் மெக்கினர்னி இதை ஒரேயொரு மெல்லிய தடிப்பில் வரைந்தார். 2012இல் பாப்லோ இம்பல்லாரியும் ரொட்ரிகோ ஃபுவென்சலிடாவும் ஒன்பது தடிப்புகளாக விரித்தார்கள். ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்த முதல் மெல்லிசுதான். கலியாண அட்டையின் முகப்பில் பெயர்களைப் பெரிதாக வைத்து, எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடம் விட்டால் அவ்வளவு அழகு! ஆங்கில ‘ஓ’ கிட்டத்தட்ட முழு வட்டமாக நிற்கும். டபிள்யூவின் நடுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும்.

இலக்கங்களில் மட்டும் கவனம் வேண்டும். சும்மா தட்டினால் பழைய பாணி இலக்கங்கள் வரும். 0, 1, 2 குள்ளமாக நிற்கும், 6, 8 மேலே ஏறும், 7, 9 கீழே இறங்கும். 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கம் ஏறி இறங்கித் தெரிந்தால் வாடிக்கையாளர் பிழை என்றே நினைப்பார். வடிவமைப்பு மென்பொருளின் ஓப்பன்டைப் (எழுத்துருவின் கூடுதல் வடிவங்கள்) அமைப்பில், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும் லைனிங் இலக்கங்களைத் தெரிவு செய்யுங்கள், சரியாகிவிடும்.

ராலேவேயில் தமிழ் இல்லை. பக்கத்தில் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் என்ற தமிழ் எழுத்துருவை வைக்கிறேன். அதிலும் ஒன்பது தடிப்பு உண்டு. யூனிகோட் என்பதால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த கோப்பை வேறு கணினியில் திறந்ததும் தமிழ் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறுகிற தலையிடி இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தடிப்பில் வைக்கக் கூடாது. தமிழ் மெல்லிசாகும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. கடும் மரூன் அட்டையில் எழுத்தை வெள்ளையாக விட்டால், மை பரவி அந்தச் சின்னப் புள்ளியை அடைத்துவிடும். ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடுவார். ணகரத்தின் சுழிகளும் அடைபடும். அதனால் ராலேவே தின் (மிக மெல்லிய தடிப்பு) என்றால், தமிழை அதைவிடக் கொஞ்சம் தடித்த லைட்டில் வைப்பேன். அடர்ந்த பின்னணி என்றால் ரெகுலர், அதாவது வழக்கமான தடிப்பு.

நினைவு மலருக்கு மெல்லிசு வேண்டவே வேண்டாம். அதை ஆறுதலாக வாசிக்கப் போகிறவர்கள் வயதானவர்கள். ஒரு அம்மா மாதிரிப் பிரதியைப் பார்த்துவிட்டு, “மனே, நூல் மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் மொத்தமாப் போடுங்க” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பெயரை மட்டும் லைட்டில் விட்டு, உள்ளே முழுவதையும் ரெகுலருக்கு மாற்றினேன். பேனருக்கும் அப்படித்தான். கல்லடிப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மெல்லிய கோடு கண்ணில் படாது, போல்ட் போடுங்கள்.

இரண்டு எழுத்துருவும் திறந்த உரிமத்தில் இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை. அச்சகத்துக்கு அனுப்புமுன் முகப்பை மட்டுமாவது உண்மையான அளவில், அதே அட்டையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாப் புள்ளியும் இருக்கும்.