‘என்ன முறை?’ – ஒன்பது ஆண்டுகளாக வாசித்துவரும் துப்பறியும் தொடர்கள்

பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு நகரப் பேருந்தில் போய்வர எனக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ரத வீதிக்கு அருகே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் பிறந்தநாளுக்கு வீட்டில் அவர் ஒரு கிண்டில் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம், சந்திப்பு, ஈரடுக்கு மேம்பாலம் என்று அந்தப் பாதை முழுவதையும், பெண்ணை நேசிக்கும் பெண்ணே துப்பறிபவராக வரும் ஆங்கிலத் தொடர் நாவல்களோடு கடந்துவருகிறேன். ஏழு தொடர்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். ஒரு நாவலைப் படித்த சூட்டில் சொல்லும் கருத்தும், ஒரு தொடரோடு ஆண்டுக்கணக்கில் பழகிவிட்டுச் சொல்லும் கருத்தும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், இவ்வளவு காலம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

சந்திப்புப் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவள் நான். அம்மா படித்து முடித்துக் கைமாற்றும் வரை காத்திருந்து விவேக்–ரூபலாவையும் பரத்–சுசீலாவையும் வாசித்திருக்கிறேன். துப்பறிபவருக்கு ஒரு துணை இருக்க வேண்டும், வழக்கைப் பற்றி அந்தத் துணையிடம் பேசிச் சிரிக்க வேண்டும் என்ற ருசியை எனக்கு ஏற்படுத்தியவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுக்கு வயது ஏறுவதில்லை. நான் பள்ளியில் படித்தபோது இருந்த வயதிலேயே, எனக்கு நரைமுடி தெரியத் தொடங்கிய பிறகும் அவர்கள் இருந்தார்கள். நான் இங்கே சொல்லவந்த தொடர்களில் துப்பறிபவர்கள் கிழடாகிறார்கள், தோற்கிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் கனடாவில் ஈவ் ஸரெம்பா எழுதிய நாவலில் ஹெலன் கெரமோஸ் என்ற தனியார் துப்பறிவாளர் வந்தார். 1984இல் காத்தரின் வி. ஃபாரஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் கொலைப் பிரிவில் பணியாற்றும் கேட் டெலஃபீல்டை அறிமுகப்படுத்தினார். 1987இல் வால் மெக்டெர்மிட்டின் ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் லிண்ட்சே கோர்டனும், 1988இல் கிளேர் மெக்நாபின் சிட்னி ஆய்வாளர் கரோல் ஆஷ்டனும், 1989இல் எலன் ஹார்ட்டின் உணவக உரிமையாளர் ஜேன் லாலெஸும் வந்தார்கள். இவற்றுள் பலவற்றை முதலில் வெளியிட்டவை சிறு பெண்ணியப் பதிப்பகங்களே. டெலஃபீல்டையும் ஆஷ்டனையும் 1973இல் தொடங்கப்பட்ட நயாட் பிரஸும், லிண்ட்சேயை லண்டனின் தி விமன்ஸ் பிரஸும் கொண்டுவந்தன. அப்படி ஓரத்தில் பிறந்த எழுத்துக்கு நடுவீட்டில் இடம் கிடைக்க அதிகக் காலம் ஆகவில்லை. லாரி ஆர். கிங்கின் முதல் கேட் மார்ட்டினெல்லி நாவல், சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருதை 1994இல் பெற்றது. எலன் ஹார்ட்டை அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் சங்கம் 2017இல் கிராண்ட் மாஸ்டராகத் தேர்ந்தெடுத்தது.

அந்த மார்ட்டினெல்லி நாவலான ‘எ கிரேவ் டாலன்ட்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். (படிக்க விரும்புபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) சான் ஃபிரான்சிஸ்கோ காவல்துறையில் பணியாற்றும் கேட்டுடன் வீட்டில் லீ என்ற ஒருவர் இருக்கிறார். லீ சமைக்கிறார், காத்திருக்கிறார், கேட் களைத்து வந்தால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். லீ ஆணா பெண்ணா என்பதைக் கணிசமான பக்கங்கள் வரை ஆசிரியர் சொல்வதே இல்லை. உடன் வேலை செய்யும் அதிகாரியிடம் கேட் எதை மறைக்கிறாரோ, அதையே ஆசிரியர் நம்மிடமும் மறைக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்பதை நினைத்து வியந்தேன். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நமக்கு ‘அவர்’ இருக்கிறது. நெல்லைச் சீமையில் அதைவிட வாகான ‘அவுக’ இருக்கிறது. அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக நான் ‘எங்க வீட்ல அவுக’ என்றுதான் சொல்லிவருகிறேன். கேட்பவர்கள் கணவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையின் முதற்பத்தியிலும் அந்தச் சொல்லையே எழுதினேன். கிண்டில் வாங்கிக் கொடுத்த அவர் ஒரு பெண், பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரத்துக்காரர்.

ஒருவர் தம் வாழ்க்கையை மறைத்து வாழ்ந்தால், பிறர் மறைப்பதைக் காணும் கண் அவருக்குத் தானாகவே அமைந்துவிடுகிறது. இந்தத் தொடர்களின் முதல் ஈர்ப்பு எனக்கு அதுவே. எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்று தெரிந்தால் இரண்டாவது அறையில் பத்தமடைப் பாயை விரித்து, ஒரு தலையணையைப் போட்டு, யாரோ படுத்து எழுந்ததுபோல அதைக் கையால் சற்றுக் கசக்கி வைப்போம். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு தைலப் புட்டி. இத்தனை ஆண்டுகளில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. டெலஃபீல்டைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாயை நானே குனிந்து உற்றுப் பார்த்தேன். அதன் கோரையில் மடிப்புத் தடம் மட்டுமே இருந்தது. உடம்பு படுத்த பளபளப்பு இல்லை. ஓரத்துச் சிவப்புச் சாயம் கடையில் வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. துப்பறிபவர் ஒருவர் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்திருப்பார். அன்று பயம் வரவில்லை. நாங்கள் இருவரும் செய்துகொண்டிருந்த வேலை என்னவென்பதை ஒரு கதைப்பாத்திரம் புரிந்துகொண்டது என்ற ஆறுதலே வந்தது.

டெலஃபீல்ட் தொடரின் இரண்டாம் நாவல், 1987இல் வந்த ‘மர்டர் அட் தி நைட்வுட் பார்’, நான் மூன்று முறை படித்த ஒரே புத்தகம். பெண்களுக்கான ஒரு மதுக்கூடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் இளம்பெண் ஒருத்தி அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். விசாரிக்க வந்த கேட்டை அங்கிருக்கும் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் தங்களில் ஒருத்தி என்று கண்டுகொள்கிறார்கள். காவல்துறையைச் சேர்ந்தவர் என்பதற்காகவே வாய் திறக்க மறுக்கிறார்கள். அவர்களுடைய பயம் நமக்கு அந்நியமானதன்று. நம் பக்கத்தில் இரண்டு பெண்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டால், ‘மகளைக் காணவில்லை’ என்ற புகாராகத்தான் காவல்துறை அவர்களைத் தேடிவரும். மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்ற இரு பெண்கள் அப்படிப்பட்ட புகார்களுக்குப் பிறகு பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில்தான், 2021 ஜூன் மாதம் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். அந்தத் தீர்ப்பைப் படித்த வாரம் நைட்வுட் பாரை மூன்றாம் முறை படித்தேன். இரண்டு தரப்பையும் ஒரே உடம்பில் சுமக்கும் கேட்டின் தவிப்பு அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நெல்லைப் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே, ‘அவங்க ஒங்களுக்கு என்ன முறை?’ என்று கேட்பார்கள். துப்பறியும் கதையிலும் முதற்கேள்வி அதுதான்: செத்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்? அந்தக் கேள்வியைப் பிறரிடம் நூறு முறை கேட்கும் பெண்ணுக்கு, தம் வீட்டைப் பற்றி அதே கேள்வி வந்தால் சொல்லப் பதில் இல்லை. முதல் நாவல் தொடங்கும்போது கேட் டெலஃபீல்டின் துணைவி ஆன் விபத்தில் இறந்து சில மாதங்களே ஆகியிருக்கின்றன. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லி அழ முடியாமல், அடுத்த பிணத்தைப் பார்க்க அவர் கிளம்பிப் போகிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டில் அவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒப்புதல் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவுமுறை’ என்ற கட்டத்தில் ‘தோழி’ என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்தபடி, ‘ரத்த சொந்தம் யாராச்சும் வந்து கையெழுத்துப் போடணும்க்கா’ என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, படிவம் அப்படி என்றார். 2022இல் தமிழ்நாடு அரசு எங்களைப் போன்ற பால்புதுமையரைக் குறிக்கும் மரியாதையான சொற்களுக்கென்று ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டிருக்கிறது; ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய சொல் எதுவும் என் கையில் இல்லை. அவருடைய அண்ணன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை நடக்க வேண்டிய சிகிச்சை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போயிற்று. இரவு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, டெலஃபீல்டின் முதல் நாவலான ‘அமெச்சூர் சிட்டி’யை மீண்டும் திறந்து, இறந்துபோன துணைவி ஆன் பற்றிய பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். வேறு எந்தப் புத்தகமும் அந்த நாற்காலியில் எனக்குத் துணையிருந்திருக்காது.

நெடுங்காலம் வாசித்தால்தான் தெரியவரும் இன்னொன்றும் உண்டு. காதல் கதை இருவரும் சேர்ந்ததும் முடிந்துவிடுகிறது. துயரக் கதை ஒருவர் இறந்ததும் முடிந்துவிடுகிறது. தொடர் நாவல் முடிவதில்லை. அடுத்த கொலை நடந்தாக வேண்டும்; அதற்கு நடுவே வீட்டில் பாத்திரம் கழுவியாக வேண்டும். மார்ட்டினெல்லி வரிசையில் லீ முதல் நாவலிலேயே குண்டடிபட்டு, பின்வரும் நாவல்களில் மெல்ல மெல்ல எழுந்து நடக்கப் பழகுகிறார். நடுவே கோபித்துக்கொண்டு விலகியும் இருக்கிறார். லிண்ட்சே கோர்டனின் முதல் காதல் கார்டீலியாவுடன் நிலைக்கவில்லை; மருத்துவர் சோஃபியுடன் அமைந்த வாழ்க்கையில், ஆறாம் நாவலில் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்ற பிணக்கு வருகிறது. இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் இருபது ஆண்டுகள் எப்படிச் சலித்து, எப்படிச் சமாதானமாகி வாழ்கிறார்கள் என்று எனக்குக் காட்ட என் ஊரில் ஒரு மூத்த இணை கிடையாது. ஒருவேளை இருந்திருக்கலாம், அவர்களும் பாயை விரித்து வைத்திருப்பார்கள். அந்த மூத்தவர்களின் இடத்தில் எனக்கு இந்தப் புத்தகங்கள் இருந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். துப்பறிபவர் சாட்சியிடமோ சந்தேகத்துக்குரியவரிடமோ மனத்தைப் பறிகொடுப்பது இந்த வகையில் சலிக்கச் சலிக்க வருகிறது. கேட் டெலஃபீல்டின் முதல் நாவலிலும் கரோல் ஆஷ்டனின் முதல் நாவலிலும் அதுதான் நடக்கிறது. ஆஷ்டன் தொடரில் கொலையாளி யார் என்பதைப் பல நாவல்களில் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். சிட்னியின் வெயிலுக்காகவும் கரோலின் விறைப்புக்காகவும் மட்டுமே தொடர்ந்தேன். காதலியைக் கொன்று நாயகியைத் துயரத்தில் ஆழ்த்தும் உத்தி எனக்கு ஒப்பவே இல்லை. நிக்கோலா கிரிஃபித்தின் ‘தி ப்ளூ பிளேஸ்’ (1998) மொழியழகில் இவை அனைத்தையும் விஞ்சியது; ஆனாலும் அதன் முடிவைப் படித்துவிட்டு நான்கு மாதங்கள் இந்த வகைப் புத்தகம் எதையும் தொடவில்லை. பழைய நூல்கள் சில அச்சிலும் இல்லை, மின்னூலாகவும் இல்லை; வரிசையின் நடுவே ஒன்று விடுபட்டால், துணைவி எங்கே போனார் என்பது தெரியாமல் அடுத்ததைப் படிக்க நேர்கிறது.

தொடங்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது மார்ட்டினெல்லி. ஐந்தே நாவல்கள், கதைப்பின்னல் உறுதியானது. ஆங்கிலம் சற்றுக் கடினமாகத் தோன்றினால் ஜேன் லாலெஸிடம் போகலாம். சமையல்கட்டும் விருந்தும் நிறைந்த, பதற்றம் குறைந்த உலகம் அது. டெலஃபீல்டை மட்டும் 1984இலிருந்து வரிசையாகப் படியுங்கள். ஒன்பதாம் நாவலில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், குடியோடு போராடுகிறார், பக்கத்தில் யாரும் இல்லை. முந்தைய எட்டையும் படித்தவருக்குத்தான் அந்தத் தனிமை கனக்கும்.

மருத்துவமனைக்கு அன்று அவருடைய அண்ணனோடு மைனியும் வந்திருந்தார். மறுநாள் இரவு வராந்தாவில் என்னோடு துணைக்கு உட்கார்ந்திருந்தபோது, கையில் என்ன புத்தகம் என்று கேட்டார். சொன்னேன். கேட் பற்றியும் ஆன் பற்றியும், அலுவலகத்தில் சொல்ல முடியாததைப் பற்றியும் கதையாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. காப்பி வாங்கிவந்து எனக்கொரு தம்ளரில் ஆற்றிக் கொடுத்தபடி, ‘நானும் ரெண்டு மூணு வருசமா ஒங்கள எப்படிக் கூப்பிடன்னு தெரியாம பேரு சொல்லாமலே பேசிட்டிருக்கேன்’ என்றார். பிறகு அவரே கணக்குப் போட்டார்: ‘நாத்தனா வீட்டுக்காரர அண்ணன்னுதான கூப்பிடணும்? அப்ப நீங்க எனக்கு அக்கா.’

கவுன்ட்டரில் இருந்தவரும் என்னை அக்கா என்றுதான் அழைத்தார்; இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படி அழைப்பார்கள். மைனியின் அக்கா எந்த வழியில் வந்தது என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். இப்போது டெலஃபீல்ட் தொடரின் பத்தாம் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2022இல் வந்தது, இன்னும் முப்பது பக்கம் மீதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மைனி போனில் கூப்பிட்டு, அந்தப் போலீஸ்காரி கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்கிறார்.