பழைய சுவருக்குச் சுண்ணாம்பா, சிமென்டா?

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கினால் முதலில் கை வைப்பது சுவரில்தான். பூச்சு பொரிந்து உதிர்கிறது, அடியில் ஓதம் ஏறியிருக்கிறது, கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சில நாளில் வேலை முடிந்து சுவர் வழவழவென்று நிற்கும். சில மழைக்காலம் போன பிறகு, முன்பு இருந்ததைவிட ஓர் அடி மேலே உப்புப் பூத்திருக்கும்.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய பழைய செங்கல் சுவர்களில் பெரும்பாலும் ஓதத் தடுப்பு அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுவரின் மேற்பரப்பு வழியாக ஆவியாகிப் போகும். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வெளியேற நுண்துளைகள் உண்டு. சிமென்ட் பூச்சு அடர்த்தியானது; ஈரத்துக்கு வழி விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறும், இல்லாவிட்டால் உள்பக்க அறையில் தலைகாட்டும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும்.

அடுத்தது வலிமை. சிமென்ட்தான் வலிமையானது, அதில் சந்தேகமே இல்லை. பழைய சுவருக்கு அந்த வலிமைதான் ஆபத்து. குறைந்த சூட்டில் சுட்ட பழைய செங்கல் மென்மையானது. வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும், ஈரத்தில் கரையும் சுண்ணாம்பு மறுபடி படிந்து ஓரளவு அதை மூடிக்கொள்ளும். சிமென்ட் விறைப்பாக நிற்கும், விரியும்போது பளிச்சென்று விரியும், அந்த விரிசலில் தண்ணீர் இறங்கும். பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுக்கும்போது விழும் சில்லைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் அதன் முதுகில் சிவப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது செங்கல்லின் தோல். சுவரைவிடப் பூச்சு மென்மையாக இருக்க வேண்டும் என்பதை இதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை. தேய்ந்த பூச்சை மறுபடி பூசலாம், தோல் போன செங்கல்லுக்கு மருந்து இல்லை.

நேரத்திலும் ஆள் கிடைப்பதிலும் சிமென்ட் தாராளமாக ஜெயிக்கிறது. சில மணி நேரத்தில் இறுகும், ஒரு வாரம் ஈரம் காட்டினால் போதும். நீர்த்த சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கெட்டிப்படும். ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம், அது இறுகிய பிறகே அடுத்தது. வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். முழுதும் இறுக மாதக்கணக்காகும். அதன் குணம் தெரிந்த கொத்தனாரும் வேண்டும். அவசரக்காரர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: தண்ணீர் சேர்ந்தாலே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு (natural hydraulic lime, NHL). வலிமையைப் பொறுத்து 2, 3.5, 5 என்று மூன்று தரத்தில் வரும். மென்மையான செங்கல்லுக்குக் குறைந்த தரமே நல்லது. சிமென்ட் பழக்கத்தில் 5-ஐத் தூக்கிவிடாதீர்கள். சுண்ணாம்புக் கலவையில் சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கை சிமென்டைப் போடுவதையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

சூழல் கணக்கில் பலரும் சுண்ணாம்பை மிகையாகப் புகழ்கிறார்கள். சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும் என்பது சரிதான். ஆனால் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது. கல்லிலிருந்து போன பங்கில் பெரும்பகுதியைப் பூச்சு இறுகும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எரிபொருளின் புகை திரும்பி வராது. உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது: சுவர் பிழைக்கிறது, புதுச் செங்கல் சுட வேண்டியதில்லை. என்றாவது பிரித்தாலும், சுண்ணாம்புச் சாந்தில் வைத்த செங்கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி கட்டலாம். சிமென்டில் வைத்ததைப் பிரித்தால் பெரும்பாலும் செங்கல்தான் உடையும்.

அப்படியானால் சிமென்டே கூடாதா? கான்கிரீட் தூண், விட்டம், ஓதத் தடுப்போடு கட்டிய புதுச் சுவர், இவற்றுக்கெல்லாம் சிமென்ட்தான் பொருத்தம். அங்கே சுண்ணாம்புக்காக மெனக்கெட வேண்டாம்.

எந்தப் பூச்சானாலும் முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்: ஒழுகும் கூரை, உடைந்த குழாய், சுவரோரம் உயர்ந்துவிட்ட தரை. அப்புறம் பழைய சிமென்டை எடுத்துவிட்டு, சுவரைத் திறந்தபடி காய விடுங்கள். சுவரின் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பூசி முடித்ததும் மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் திறந்து வைத்த துளைகளை நாமே அடைத்துவிடுவோம். சுண்ணாம்பு வெள்ளையடிப்பு அல்லது துளைகளை அடைக்காத சிலிகேட் பெயின்ட் போதும்.