மதுரையில் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்: 7-ல் தொடங்கி 9 வரை ஓட்டிய அனுபவம்

கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு சிறு அலுவலகத்தில் ஒரே பெட்டிக்குள் டேலி ஓடும் விண்டோஸ், பில்லிங், கேமரா பதிவு எல்லாம் தனித்தனி வி.எம்.களாக (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினிகள்) ஓடும். கீழே அவற்றைத் தாங்கும் ஹோஸ்டாக ப்ராக்ஸ்மாக்ஸ், அதாவது வி.எம்.களை ஓட்டவென்றே இருக்கும் லினக்ஸ் மென்பொருள். நிறுவுவது கால் மணி நேர வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 7, 8, 9 என மூன்று பதிப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள்தான் விஷயம். புகார் எப்போதும் "டேலி ஸ்லோ", "விண்டோஸ் ஆஃப் ஆயிடுச்சு" என்றுதான் வரும். காரணம் பெரும்பாலும் ஹோஸ்டில் இருக்கும். வி.எம்.மில் கை வைக்கும் முன் அங்கே பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்திருக்கும். சர்வர் எழுந்துவிடும், ஆனால் ஒரு வி.எம்.கூட ஸ்டார்ட் ஆகாது. கேவிஎம் (வி.எம்.களை ஓட்டும் லினக்ஸ் வசதி) இல்லை என்று பிழை வரும். உடனே ப்ராக்ஸ்மாக்ஸை மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு, வீண் வேலை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் செத்திருந்தால், மின்சாரம் முழுக்கப் போனதும் பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்புகள்) தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பல போர்டுகளில் அந்த நிலையில், வி.எம். ஓட்ட ப்ராசஸரில் தேவைப்படும் விடி-எக்ஸ் வசதி அணைந்தே இருக்கும் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம்). மல்டிமீட்டரில் செல் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பயாஸில் மூன்றைச் சரிபாருங்கள்: விடி-எக்ஸ், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு, தேதி. தேதியை விட்டால் இரவு பேக்கப் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது.

யுபிஎஸ் இருப்பது ஓட்டுவதற்கு இல்லை, ஒழுங்காக நிறுத்துவதற்கு. யுஎஸ்பி வயரைச் செருகி என்யுடி (யுபிஎஸ்ஸோடு பேசி சர்வரை நிறுத்தும் மென்பொருள்) அமைத்தால்தான் அதனால் பயன். ஷட்டவுன் சொன்னதும் ஒரு வி.எம். நிற்க ப்ராக்ஸ்மாக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 180 விநாடி. அப்டேட் நடுவில் இருக்கும் விண்டோஸுக்கு அது போதாது. முக்கியமான வி.எம்.முக்கு நேரத்தைக் கூட்டுங்கள், ஹோஸ்டின் சொல்லைக் கேட்க வி.எம்.முக்குள் கெஸ்ட் ஏஜென்ட் போடுங்கள், ஸ்டார்ட் ஆர்டரில் டேட்டாபேஸை முதலில் வையுங்கள். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும் என்பதால் அது கடைசியில்தான் நிற்கும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி நம்மூர் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். சித்திரைக்கு முன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

அதிகம் அடிபடுவது எல்விஎம்-தின் டிஸ்கில் (பூல் என்ற பொது இடத்திலிருந்து எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும் முறை). 500 ஜிபி பூலில் தலா 250 ஜிபி என்று மூன்று வி.எம். உருவாக்கினால் ப்ராக்ஸ்மாக்ஸ் தடுக்காது. ஐந்நூறு பேருக்கு இலை போட்டுவிட்டு முந்நூறு பேருக்குச் சோறு வடித்த கதை. பூல் நிரம்பியதும் வி.எம். மேல் மஞ்சள் முக்கோணம் வரும், நிலை 'ஐஓ-எரர்' என்று காட்டும். அப்போது ரீசெட் அடிக்காதீர்கள், பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போகும். 'எல்விஎஸ்' கட்டளையில் டேட்டா, மெட்டா (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) இரண்டு சதவீதத்தையும் பாருங்கள். மெட்டா நிரம்பினாலும் இதே கதிதான், அதை யாரும் கவனிப்பதில்லை. பழைய ஸ்னாப்ஷாட்களை (வி.எம்.மின் முந்தைய நிலைப் பதிவுகள்) அழியுங்கள். அதுவும் போதவில்லை என்றால், 128 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கில் இன்ஸ்டாலர் வால்யூம் குரூப்பில் (பூல் இருக்கும் டிஸ்க் தொகுப்பு) 16 ஜிபியை ஒதுக்கி வைத்திருக்கும். 'எல்விஎக்ஸ்டெண்ட்' போட்டு அதில் 10 ஜிபியைப் பூலில் சேர்த்து, பிறகு ரெஸ்யூம் கொடுங்கள்.

வி.எம்.முக்குள் ஃபைலை அழித்தால் பூலுக்கு இடம் தானாகத் திரும்பாது. டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' டிக் போட்டு, லினக்ஸில் 'எஃப்எஸ்டிரிம்', விண்டோஸில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' ஓட்டினால்தான் திரும்பும். கேமரா பதிவுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

யுஎஸ்பி டிஸ்கில் பேக்கப் எடுப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத (தன் ஃபோல்டரோடு இணையாத) அன்று பேக்கப் அதே பெயருள்ள காலி ஃபோல்டருக்குள், அதாவது ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் போய் உட்காரும். ரூட் நிரம்பினால் வெப் லாகினே மறுக்கும். டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் எட்டிப் பாருங்கள், மவுண்ட் ஆகியிருக்கும்போது அடியில் கிடப்பது தெரியாது. அழித்த பிறகு அந்த ஸ்டோரேஜுக்கு 'இஸ்-மவுண்ட்பாயிண்ட்' அமைப்பை 'யெஸ்' ஆக்குங்கள். பேக்கப் பாதியில் அறுந்து வி.எம். பூட்டிக்கிடந்தால், பேக்கப் இப்போது ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு 'க்யூஎம் அன்லாக் 101' (101 என்பது வி.எம். எண்).

விண்டோஸ் தானாக அணைகிறது, ஈவென்ட் வ்யூவரில் 41 (ஒழுங்காக நிறுத்தாமல் அணைந்தது என்ற பதிவு) மட்டும் இருக்கிறது என்றால் ஹோஸ்டின் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' தேடுங்கள். இசட்எஃப்எஸ் (டிஸ்கை நிர்வகிக்கும் இன்னொரு முறை) தன் கேஷுக்கு இயல்பாக ரேமில் பாதி வரை எடுக்கும். 32 ஜிபி பெட்டியில் வி.எம்.களுக்கு 24 கொடுத்திருந்தால் கணக்கு உதைக்கும். கேஷ் சுருங்குவதற்குள் கர்னல் பெரிய வி.எம்.மைக் கொன்றுவிடும். 8.1-லிருந்து புதிதாக நிறுவினால் ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வந்துவிட்டது. 7-லிருந்து மேம்படுத்தி வந்த பெட்டிக்கு அது வராது, நீங்களே 'ஏஆர்சி மேக்ஸ்' (அந்தக் கேஷின் உச்ச வரம்பு, பைட்டில்) போட வேண்டும். 4 ஜிபி என்றால் 4294967296. இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள்.

பெரிய பதிப்பு மாற்றத்தில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி, வி.எம்.களை நெட்வொர்க்கோடு சேர்க்கும் பிரிட்ஜ் அறுந்துபோகலாம். மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) வைத்துப் பெயரை முன்பே கட்டிவிடுங்கள், 9-ல் அதற்கென்றே கருவி இருக்கிறது. ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்தே சர்வரின் திரையைப் பார்க்கும் வசதி) இல்லாத சர்வரைத் தொலைவிலிருந்து மேம்படுத்தாதீர்கள், அதுவும் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டி மானிட்டரோடு போய்ச் சேர முடியாது.

இரண்டு நோட் கிளஸ்டரில் (இணைத்து வைத்த இரண்டு சர்வர்கள்) ஒன்று விழுந்தால் மற்றதில் ஓடுவது ஓடும், பெரும்பான்மை வாக்கு இல்லாததால் புதிதாக எதையும் ஸ்டார்ட் செய்ய முடியாது. அவசரத்துக்கு, ஒரு வாக்கே போதும் என்று சொல்லும் 'பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1' கைகொடுக்கும். நிரந்தரத் தீர்வு, மூன்றாவது வாக்குக்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வாக்கு மட்டும் போடும் க்யூடிவைஸ். அந்த ராஸ்பெர்ரி பையையும் நெட்வொர்க் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸிலேயே செருகுங்கள்.