மாரிட்ஸ்பர்க் மேடா, கேப் டவுன் காற்றா?

அக்கா மகன் போன மாதம் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினான். வாங்கிய கையோடு கேள்வி வந்துவிட்டது: "மாமா, முதல்ல அமாஷோவாவா, கேப் டவுனா?" இரண்டும் தென்னாப்பிரிக்காவின் பெரிய சைக்கிள் ஓட்டங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் சைக்கிள் ஓட்டும் நம்மவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பரிசுக்காக ஓட்டுபவன் இல்லை. மாலைக்குள் வீடு திரும்பினால் போதும் என்று ஓட்டுபவன்.

தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை வரும் அமாஷோவா 106 கிலோமீட்டர், அக்டோபரில். கேப் தீபகற்பத்தைச் சுற்றிவரும் கேப் டவுன் சைக்கிள் டூர் 109 கிலோமீட்டர், மார்ச்சில். மூன்று கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? மேடு எங்கே வருகிறது, காற்று எங்கே அடிக்கிறது, அன்றைக்குச் சொதப்பினால் என்ன செலவாகும், இதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நம்ம ஊர்ப் பாதை. "மாரிட்ஸ்பர்க் 600 மீட்டர் உயரம், டர்பன் கடல் மட்டம், வழியெல்லாம் இறக்கம்தானே" என்று டீக்கடைக் கணக்குப் போடுபவர்கள் நிறைய. நானும் போட்டேன். ஊரை விட்டு வெளியே வந்ததுமே போலி ஷார்ட்ஸ் மேடு அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டது. விடியற்காலைக் குளிர், கால் இன்னும் சூடாகவில்லை, அதற்குள் மூச்சு வாங்குகிறது. அங்கிருந்து கேம்ப்பர்டவுன் பக்கம் போகும்போது 800 மீட்டருக்கும் மேலே ஏறிவிடுகிறோம். அதாவது, இறங்க வேண்டிய பாதை முதலில் 200 மீட்டர் ஏறுகிறது. அப்புறம் கேட்டோ ரிட்ஜ் தாண்டி இஞ்சாங்கா மேடு. அது முடிந்ததும் டிரமண்டுக்கு ஓர் அருமையான இறக்கம், ஆனால் இறங்கியதையெல்லாம் போத்தாஸ் ஹில்லில் திருப்பிக் கட்ட வேண்டும். 1921 முதல் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுபவர்களின் பாதையும் பெரும்பாலும் இதுதான். ஓடியவர்களைக் கேளுங்கள், இது இறக்கமா என்று.

ஹில்க்ரெஸ்ட் வந்துவிட்டால் உயிர் வரும். கிளூஃப் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பெடல் மிதிக்கவே வேண்டாம், பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு முன்னால் போகிறவனிடமிருந்து இடைவெளி விட்டால் போதும். புதிதாக வருபவர்களுக்கு எனக்குப் பயம் இங்கேதான். ஏறும்போது யாரும் பெரிதாக விழுவதில்லை. கடைசியாகக் கவ்வீஸ் ஹில் என்று ஒரு மேடு. தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மேடு, ஆனால் "எல்லாம் முடிந்தது" என்று மனம் நினைத்த பிறகு வருவதால் கடிக்கும்.

கேப் டவுனில் கதை தலைகீழ். ஊரிலிருந்து கிளம்பி ஃபால்ஸ் பே கரையோரமாகத் தெற்கே, சைமன்ஸ் டவுன் தாண்டி ஸ்மிட்ஸ்விங்கல் மேடு. பிறகு அட்லாண்டிக் பக்கம் திரும்பி வடக்கே வருகிறோம். பெரிய மேடுகள் இரண்டும் பின்பாதியில்: சாப்மன்ஸ் பீக், அடுத்து ஹவுட் பே தாண்டியதும் சுய்க்கர்போசி. ஆஃப்ரிகான்ஸில் சர்க்கரைச் செடி என்று பொருள். 90 கிலோமீட்டர் மிதித்த தொடைக்கு அங்கே ஒரு சர்க்கரையும் கிடையாது. இரு பக்கமும் ஜனங்கள் பாட்டுப் போட்டு, இறைச்சி சுடும் பிராய் அடுப்பு மூட்டி, கைதட்டி ஏற்றிவிடுகிறார்கள். இறங்கித் தள்ள வெட்கமாக இருக்கும், அதனாலேயே பலர் ஏறிவிடுகிறார்கள்.

மேட்டைப் பயிற்சி செய்து வெல்லலாம். கேப் டவுனின் தென்கிழக்குக் காற்றை என்ன செய்வது? தெற்கே போகும்போது முகத்தில் அறையும். தனியாக மாட்டினால் தீர்ந்தோம், நாலு பேர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும் என்பது ஆறுதல், அதுவரை காலில் மிச்சம் இருந்தால். 2017-இல் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி, நின்றுகொண்டிருந்தவர்கள் கையிலிருந்தே சைக்கிள்கள் பறந்தன. புறப்பாடு தொடங்கிய சிறிது நேரத்தில் நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். 2015-இல் மலைத்தீயால் பாதையை 47 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். யார் மேலும் குற்றமில்லை, அந்த ஊரின் இயல்பு அது. ஆனால் டர்பனிலிருந்து பணம் கட்டிப் போகிறவன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். அமாஷோவாவுக்கு என் வீட்டுக்காரி இருட்டோடு மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவாள். மதியம் கடற்கரையில் முடித்தால் அரை மணியில் வீடு. கேப் டவுனோ சாலையில் 1,600 கிலோமீட்டர். விமானம் என்றால் இரண்டு மணி நேரம்தான், ஆனால் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க வேண்டும், தங்க இடம் வேண்டும், மார்ச்சில் அந்த வார இறுதிக்கு அறை வாடகை எகிறிவிடும். ஒரு தடவை பெட்டியைத் திறந்தபோது பின்பக்கக் கியர் மாட்டும் கொக்கி வளைந்திருந்தது. சனிக்கிழமை முழுவதும் ரிப்பேர் கடைகளில் அலைந்து கழிந்தது, மலையைப் பார்க்கவே இல்லை.

அழகில் போட்டியே இல்லை, கேப் டவுன்தான். 1922-இல் திறந்த சாப்மன்ஸ் பீக் சாலை பாறையைக் குடைந்து போட்டது, ஒரு பக்கம் செங்குத்துக் கல், மறு பக்கம் கீழே கடல். அன்றைக்கு ஒரு காரும் இல்லாமல் அந்தச் சாலை முழுவதும் நமக்கே. இந்த விழா பிறந்ததும் சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்ட முயற்சியில்தான். முதல் வருஷமான 1978-இல் 525 பேர், இப்போது பல்லாயிரம் பேர். டிரமண்ட் அருகே இடதுபக்கம் விரியும் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கும் குறைந்ததல்ல, ஆனால் ஏற்றத்துக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது யார் திரும்பிப் பார்ப்பது?

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு விஷயம் புரட்டாசி. அமாஷோவாவுக்கு உச்சப் பயிற்சி எடுக்க வேண்டிய வாரங்களில்தான் விரதம். அக்கா வீட்டில் அந்த மாதம் முட்டைகூட வாசலைத் தாண்டாது. "சத்து எங்கிருந்து வரும்?" என்று பையன் கவலைப்படுகிறான். பருப்பு, சுண்டல், பீன்ஸ் கறி, மோர், இது போதும். நான் விரதத்தோடுதான் பயிற்சி எடுத்தேன், ஓட்டி முடிக்கும் நேரம் குறைந்ததே தவிர கூடவில்லை. உப்புப் போட்டு அவித்த நாலு சின்ன உருளைக்கிழங்கு சட்டைப் பின்பையில் இருந்தால், கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டைத் தேட வேண்டாம். ஆபத்து விரதத்தில் இல்லை, அதை முடிப்பதில் இருக்கிறது. சில வருஷம் புரட்டாசி முடிகிற வாரத்திலேயே அமாஷோவா வந்துவிடும். சனிக்கிழமை இரவு மட்டன் பிரேயாணியை ஒரு கை பார்த்துவிட்டு ஞாயிறு காலை போலி ஷார்ட்ஸ் ஏறிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். மார்ச்சில் இந்தச் சிக்கல் இல்லை. பதிலாக டர்பனின் புழுக்கத்தில் கோடை முழுவதும் பயிற்சி எடுக்க வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க்கின் நவம்பர் ஓட்டத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1,700 மீட்டர் உயரத்தில், கடல்மட்ட நுரையீரலோடு முதல் ஓட்டம் வேண்டாம். அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு என் பதில்: அக்டோபரில் அமாஷோவா. 106 பயமாக இருந்தால் கேட்டோ ரிட்ஜிலிருந்து 65 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியாவிட்டால் ஹில்க்ரெஸ்டில் ஒதுங்கி எனக்குப் போன் அடிக்கலாம், ஒரு ஞாயிறுதான் நஷ்டம். நன்றாக ஓட்டினால் அந்த நேரத்தைக் காட்டிக் கேப் டவுனில் முன்னால் கிளம்பும் குழுவில் இடம் வாங்கலாம். பின்குழுவில் கிளம்பினால் வெயிலும் காற்றும் ஏறிய பிறகு ஓட்ட வேண்டும், 7 மணி நேரக் கெடுவும் துரத்தும். கேப் டவுனை முதலில் எடுப்பதாக இருந்தால் ஒரே காரணம்தான்: அங்கே தங்க மச்சான் வீடு இருக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், கடைக்காரர் மாட்டிக் கொடுத்த பின்சக்கரப் பல்லை மாற்றச் சொன்னேன். அதில் பெரிய வட்டத்துக்கு 25 பல் என்பது பந்தயக்காரர்களுக்கு. 32 பல் இருந்தால் மிதி லேசாகும், இஞ்சாங்காவில் உட்கார்ந்தே ஏறலாம். "அது எவ்வளவு ஆகும் மாமா?" என்றான். சொன்னேன், முகம் வாடியது. வரும் சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஹில்க்ரெஸ்டில் சந்திக்கிறோம். டிரமண்டுக்கு இறங்கி, இஞ்சாங்கா ஏறி, வந்த வழியே போத்தாஸ் ஹில் ஏறித் திரும்ப வேண்டும். பழைய பல்லோடுதான் வருவானாம்.