சியாவ் யாவ் வான் குளிகை, அக்குபங்சர், பலதுறை மருந்தக மாத்திரை: அம்மாவின் மனச்சோர்வுக்கு எது உதவியது?

சியாவ் யாவ் வான் என்ற சீன மூலிகைக் குளிகை சிங்கப்பூரில் அநேகமாக எல்லாச் சீன மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். சின்னக் குப்பிக்குள் மிளகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகள் 200. வேளைக்கு எட்டு, நாளைக்கு மூன்று வேளை என்று லேபிளில் போட்டிருக்கும். விலை பத்து வெள்ளிக்குள்தான். எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி அம்மாவுக்காக ஒரு குப்பி வாங்கி வந்தார். அங் மோ கியோவில் இருவருக்கும் வீடு ஒரே தாழ்வாரத்தில்; பேசிக்கொள்வதெல்லாம் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில். "ஹாத்தி சூசா (மனசுக்குக் கஷ்டம்), இதைச் சாப்பிடு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கொடுத்தார். அம்மாவின் மனசு சரியில்லை என்று வெளியாட்களில் முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான்.

இந்தக் குளிகை மனச்சோர்வுக்குக் கேட்குமா என்று தமிழில் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குளிகையை மட்டும் தனியாகப் பேச முடியாது. அதோடு சேர்ந்து பலதுறை மருந்தகத்தையும் (பாலிகிளினிக்) அக்குபங்சர் என்ற ஊசி வைத்தியத்தையும் பேசியாக வேண்டும்.

முதலில் நோய் எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அம்மா அழவே இல்லை, வருத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு விட்டுப்போனது. தாழ்வாரத்தில் போடும் மாக்கோலம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசாமல் காசை நீட்டினார். அடுத்த வாரத்திலிருந்து சந்தைக்கே வரமாட்டேன் என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோபாவில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். காலையில் மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கும். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கேட்டால் "ஒண்ணுமில்லடி, உடம்பு அசதி, நெஞ்சு பாரமா இருக்கு" என்பார். சொந்தக்காரர்கள் வயசாச்சு என்றார்கள். சித்தி மறதி நோயாக இருக்குமோ என்று பயந்தார். எழுபது வயதுக்காரர்களுக்கு மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் உடம்பு வழியாக வெளியே வருகிறது. வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் நெஞ்சுபாரம் என்றதும் முதலில் இசிஜி எடுத்தார். அது சரியாக இருந்தது. பிறகு "முன்னே பிடிச்சதெல்லாம் இப்போ பிடிக்குதா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். உடனே ஒன்பது கேள்வித் தாளை எடுத்து, தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டார். பிஎச்கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஈடுபாடு, களைப்பு, குற்ற உணர்ச்சி எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனித்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு வந்தது 16.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அந்தத் தாதி குரலைத் தாழ்த்தவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. மருந்து வேளை கேட்கிற அதே குரலில் கேட்டார். "படுத்தா அப்படியே போயிட்டா தேவலைன்னு சில நாள் தோணும்மா" என்றார் அம்மா. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தாதி விடவில்லை, ஏதாவது செய்துகொள்ள வழி யோசித்தீர்களா, வீட்டில் மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று அடுத்தடுத்து விசாரித்தார். அதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார். இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் தரலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி எண்ணம் இருந்தால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரில் 1771 மனநல உதவி எண்ணும், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 எண்ணும் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 995.

ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தார்கள். இவற்றில் குறை இருந்தாலும் இதே மாதிரி அசதி வரும் என்பதால் முதலில் அதை விலக்க வேண்டும். பிறகு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, 25 மில்லிகிராமில் ஆரம்பித்து 50. முதல் வாரம் குமட்டல். அம்மா "இது எனக்கு ஒத்துக்கல" என்று டப்பாவைத் தள்ளி வைத்தார். வயிறு பழகிவிடும், பலன் தெரியச் சில வாரமாகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் சாப்பாட்டோடு கொடுத்துச் சமாளித்தோம். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம் என்று மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். உங்கள் மருத்துவர் அதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இனி குளிகை. இதன் மூலச் சூத்திரம் சோங் வம்சக் காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் உள்ளது. சாய்ஹூ, தாங்குய், வெள்ளைப் பியோனி வேர், பாய்ஜூ, ஃபூலிங் என்ற சீன மருந்துச் சரக்குகள், அதிமதுரம், அதோடு கொஞ்சம் புதினாவும் இஞ்சியும். கல்லீரலின் 'சி' (உயிராற்றல்) ஓட்டம் தேங்கினால் மனம் இறுகும், பெருமூச்சு வரும், பசி போகும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. தேங்கியதை அவிழ்த்துவிடுவது இதன் வேலை. சீனாவில் இதை வைத்து நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள், பல சாதகமாகவும் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை. மாமியாரோடு மனத்தாங்கல், வேலையிடத்து அழுத்தம், லேசான எரிச்சல் என்று வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. 16 வாங்கிய ஒருவருக்குக் கடையில் வாங்கும் இந்தக் குப்பியை மட்டும் நம்பக்கூடாது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது; அதிமதுரம் அதிகமானால் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அதனால் குப்பியைப் பிரிக்காமல், மாத்திரைப் பட்டியலோடு தோ பாயோவில் பதிவு பெற்ற ஒரு சீன மருத்துவரிடம் கொண்டு போனோம். ஆன்ட்டியும் கூட வந்தார்.

அந்த மருத்துவர் அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து ரொம்ப நேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், மலம், வியர்வை, கனவு எல்லாம் மலாயிலேயே கேட்டார். அம்மா அவரிடம் அன்று பேசியதுபோல் பல மாதமாக யாரிடமும் பேசவில்லை. பட்டியலைப் படித்துவிட்டு, மூலிகை இப்போது வேண்டாம், ஊசி மட்டும் போதும், ஆங்கில மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

உச்சந்தலையில் ஒன்று, மணிக்கட்டில், முழங்காலுக்குக் கீழே. கடைசியாகப் புருவ மத்தியில். அங்கே அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. மருத்துவர் கையை நிறுத்தி, "எடுக்கலாமா?" என்று கேட்டார். அம்மாவே எடுத்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தார், குறட்டை வந்தது. வலிக்கவில்லையாம், ஊசி இறங்கிய இடத்தில் ஒரு கனம் மட்டும் இருந்ததாம். முடிந்ததும் பொட்டை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு மனச்சோர்வுக்கான அக்குபங்சர் குறித்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு 64 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்பதே அதன் முடிவு. எங்கள் வீட்டில் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஊசி போட்ட இரவுகளில் அம்மா விடியும்வரை தூங்கினார். சந்தைக்குப் போகும் ஆசை திரும்பியது மாத்திரை பிடித்த பிறகுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியாது, ஆனால் ஒன்றை விடச் சொன்னால் மாத்திரையை விடமாட்டேன்.

ஊசிக்குக் கைக்காசுதான் செலவு. அது கொஞ்சம் கூடுதல். வாரா வாரம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். வேறொரு கடையில் கேட்டபோது, ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு எங்கள் பொடியைச் சாப்பிடுங்கள், சீக்கிரம் சரியாகும் என்றார்கள். இதில் எனக்குக் கோபம் அதிகம். செர்ட்ரலினைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், படபடப்பு, உடம்பில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்.

போவதற்கு முன் சீன மருத்துவரின் பெயரைச் சீன மருத்துவர் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்; இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். குளிகை வாங்கினால் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிட்ட பொருளா என்று பாருங்கள், பெயரில்லாப் பொடியைத் தொடாதீர்கள். இரு பக்கத்து மருத்துவர்களுக்கும் ஒரே மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். நாங்கள் இப்போது ஊசியை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டோம். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த மாதம் போகிறோம், சோடியம் பார்க்க.